கூட்டிக்கொண்டு போகும் அப்பாக்கள்

பெண்டாட்டி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கண்காணாத தேசத்தில் போய்க் குடியேறும் பிடிவாதக்கார அப்பாக்கள் அமெரிக்க நாவலுக்குப் புதியவர்கள் அல்லர். 'கிறுக்குப் பிடித்த மேதை', 'துன்பியல் நாயகன்' என்று இவர்களுக்குப் பட்டம் கட்டிவிட்டால் விமர்சனத்தின் வேலை முடிந்தது. பிடிவாதம் தனிமனிதக் குணக்கேடாகச் சுருங்கிவிடுகிறது. அப்படிச் சுருக்க முடியாது என்று காட்டும் இரண்டு நாவல்களைச் சேர்த்து வாசிக்கலாம்: பால் தெரூவின் 'தி மஸ்கிட்டோ கோஸ்ட்' (1981), பார்பரா கிங்சால்வரின் 'தி பாய்சன்வுட் பைபிள்' (1998).

தெரூவின் அல்லி ஃபாக்ஸ் ஒரு கண்டுபிடிப்பாளன். நுகர்வு வெறியில் அமெரிக்கா அழுகிவிட்டதென்று மனைவியையும் நான்கு குழந்தைகளையும் ஹோண்டுராஸ் காட்டுக்குக் கொண்டுபோகிறான். அவனுடைய விமர்சனத்தில் பாதிக்கு மேல் நமக்கும் உடன்பாடுதான். சிக்கலே அங்கேதான். அமெரிக்காவை உதறிவிட்டுப் போனவன் காட்டில் எதைக் கட்டுகிறான்? ஒரு ராட்சச ஐஸ் இயந்திரம்! அங்கே யாரும் ஐஸ் கேட்கவில்லை. பழங்குடிகளிடம் காட்டச் சுமந்துபோன ஐஸ் போய்ச் சேர்வதற்குள் கரைந்துபோகிறது. இயந்திரத்துக்கு அவன் வைத்த பெயர் 'ஃபேட் பாய்'. 1945இல் ஜப்பான்மேல் விழுந்த 'லிட்டில் பாய்', 'ஃபேட் மேன்' என்ற இரு குண்டுகளின் பெயர்களையும் ஒட்டிப் பாருங்கள். இயந்திரம் வெடிக்கிறது, ஆறு நஞ்சாகிறது. அப்பவும் ஊர் திரும்ப மனசில்லை. அமெரிக்காவே அழிஞ்சுபோச்சு என்று பிள்ளைகளிடம் பொய் சொல்கிறான்.

கிங்சால்வரின் நேதன் பிரைஸ் எதிர்த்துருவம் மாதிரித் தெரிவான். ஜார்ஜியா மாநிலத்துப் பாப்டிஸ்ட் போதகன். 1959இல் மனைவி, நான்கு மகள்களோடு பெல்ஜியன் காங்கோவின் கிராமமொன்றில் வந்திறங்குகிறான். விதைகூட ஊரிலிருந்து கொண்டுவந்ததுதான். மண்ணை மேடுகட்டி விதைக்கணும் என்று உள்ளூர்ப் பெண் செய்துகாட்டியதைக் கலைத்துத் தரைமட்டமாக்குகிறான். மழை அத்தனையையும் அடித்துப்போகிறது. பிறகு செடி தழைத்தும் காய்க்கவில்லை. அந்தப் பூக்களுக்கான பூச்சி அந்த மண்ணில் இல்லை. இயேசு அருமையானவர் என்று சொல்ல அவன் எடுத்த உள்ளூர்ச் சொல், அவன் உச்சரிப்பில், மேலே பட்டால் அரித்துத் தடிக்கும் மரத்தின் பெயராகிவிடுகிறது. திருத்திக்கொள்ளத்தான் அவனுக்குக் காது இல்லை. 1960 ஜூன் 30இல் காங்கோ விடுதலை பெறுகிறது, வெள்ளையர்கள் கிளம்புகிறார்கள். நேதன் அசையவில்லை. விலை, கடைசி மகளின் உயிர்.

ஒருவன் மதபோதகர்களைக் கண்டால் சீறுகிறவன், மற்றவனே போதகன். பிடிவாதம் மட்டும் ஒன்றாக இருப்பது எப்படி? வீட்டுக்குள் யாரும் கேள்வி கேட்டிராத ஆண், அந்நிய மண்ணிலும் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நம்பிவிடுகிறான். கவர்னர் மாளிகைக்கு முன்பே சாப்பாட்டு மேசையில் காலனியம் பழகிக்கொள்ளப்படுகிறது.

கதையை யார் சொல்கிறார்கள் என்பது இங்கேதான் முக்கியமாகிறது. தெரூவின் கதைசொல்லி மூத்த மகன் சார்லி. அம்மாவுக்குப் பெயர்கூடக் கிடையாது; வெறும் 'மதர்'. பக்கம் பக்கமாக அப்பாவின் பேச்சு. வாசகனும் கொஞ்சம் மயங்கத்தான் செய்கிறான். கிங்சால்வரோ மனைவியையும் மகள்களையும் மாறிமாறிப் பேசவைக்கிறார். நேதனுக்கு ஒரு அத்தியாயமும் இல்லை. சொல்லும் அதிகாரம் கைமாறிவிட்டது. ஆனாலும் ஒரு கணக்கு பாக்கி. காங்கோக்காரர் எவருக்கும் சொந்தக் குரலில் அத்தியாயம் கிடையாது. 1961 ஜனவரி 17இல் லுமும்பா கொல்லப்பட்டதுகூட ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் குற்றவுணர்வு வழியாகத்தான் நமக்கு வந்துசேர்கிறது.

உலகத்தை மாற்றப் புறப்பட்டவர்களுக்கு நேதனைவிட ஃபாக்ஸ்தான் சங்கடமான ஆள். நேதனைச் சுலபமாக நிராகரித்துவிடலாம். ஃபாக்ஸ் பேசுவது நம் பேச்சு. கொள்கை சரியாக இருந்துவிட்டால், வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் மூட்டை கட்டச் சொல்லும் உரிமை வந்துவிடுமா? இயக்கத்தின் முழுநேர ஊழியர்களுடைய தியாகத்தை நாம் நிறைய எழுதிவிட்டோம். அவர்களுடைய மனைவியும் பிள்ளைகளும் எழுத உட்கார்ந்தால் அதை எந்தப் பத்திரிகை போடும்? முதலில், நாம் போடுவோமா?