கிரீசுக்குள் ஒரு மோசின்

சோவியத் ஒன்றியம் உடைந்தபின், கிடங்குகளில் குவிந்துகிடந்த மோசின்–நாகாந்த் துப்பாக்கிகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. பல ஆண்டுகள் 100 டாலருக்கும் குறைவாகவே விற்றன. வாங்கியவருக்கு முதல் வேலை, சுத்தம் செய்வது. துரு அண்டாமலிருக்க அப்பிய கெட்டிக் கிரீஸ், கட்டையின் இண்டு இடுக்கெல்லாம் ஊறியிருக்கும். சூடு காட்டினால் பழுப்பாகக் கசியும். தோட்டா அறையில் இறுகிய மிச்சத்தைத் தூரிகையால் தேய்த்தெடுத்த பிறகுதான், முரண்டு பிடித்த போல்ட் வழுக்கிக்கொண்டு திறக்கும். அப்புறம் முத்திரைகள் கண்ணில் படும்: துலா ஆலையின் நட்சத்திரம், இஷெவ்ஸ்க்கின் முக்கோணம். 1942-இல் செய்ததென்றால் கடைசல் தடங்கள்கூட அப்படியே இருக்கும். போர் அவசரத்தில் மெருகேற்ற யாருக்கு நேரம்? அந்தச் சொரசொரப்பைத் தேய்த்து மழுப்பாமல் விடுவதே நல்ல ரசிகருக்கு அழகு.