அரைத்துயில் பிரசவ முறை: ஒரு மதிப்பீடு

பிரசவ வலியைத் தணிக்கும் முறை எதுவாயினும், அது வலியை எந்த அளவுக்குக் குறைத்தது என்பதோடு, பெண்ணின் தன்னுணர்வை என்ன செய்தது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகர மகளிர் மருத்துவமனையில் பெர்ன்ஹார்ட் குரோனிக், கார்ல் காவுஸ் ஆகிய மருத்துவர்கள் வளர்த்தெடுத்த அரைத்துயில் முறை இதற்குத் தக்க சான்றாகும். வலியை மட்டுப்படுத்தும் மார்பினும், நிகழ்வது நினைவில் பதியாமல் தடுக்கும் ஸ்கோபோலமைனும் ஊசிவழி செலுத்தப்பட்டன. சற்றுமுன் காட்டிய பொருளை மீண்டும் காட்டி, முன்பு கண்டது நினைவிருக்கிறதா என்று வினவி, விடைக்கேற்ப அடுத்த ஊசி தீர்மானிக்கப்பட்டது.

மயக்க மருந்தால் முழுமையாக உணர்விழக்கச் செய்யாமல் நெடுநேரப் பிரசவத்தைக் கடக்க வைத்தது இம்முறையின் சிறப்பு. அதனினும் பெரிது அது எழுப்பிய உரிமைக் குரலாகும். 1914இல் அமெரிக்காவின் மெக்ளூர்ஸ் இதழ் இம்முறையை அறிமுகப்படுத்தியபின், பெண்கள் சங்கம் அமைத்து, தயங்கிய மருத்துவர்களிடம் இதனைக் கோரினர். பிரசவ வலி பொறுத்தே தீர வேண்டிய விதி என்னும் கருத்து அதனால் ஆட்டங்கண்டது.

ஆயினும் இம்முறை வலியைவிட வலியின் நினைவையே முதன்மையாக நீக்கியது. பெண்கள் அலறினர், புரண்டனர். பின்னர் அதை மறந்தனர். ஒளியும் ஓசையும் நினைவைத் தூண்டாதிருக்க அறையை இருட்டாக்கியதும், கண்ணைக் கட்டியதும், காதை அடைத்ததும், சில மருத்துவமனைகளில் கைகால்களைப் பிணைத்ததும் இதன் விளைவுகளே. மருந்து நஞ்சுக்கொடிவழி குழந்தையை அடைந்து, பிறந்தவுடன் மூச்சைத் தளரச் செய்வதும் உண்டு. ஒவ்வொருவரையும் அருகிருந்து கவனித்து அளவை மாற்றிய ஃபிரைபர்க் நுணுக்கத்தை, கூட்டம் மிகுந்த பிற மருத்துவமனைகள் கடைப்பிடிப்பது அரிதாயிற்று. இம்முறையைக் கோரிய பெண்களின் இயக்கம் ஓய்ந்த பின்னரும் ஸ்கோபோலமைன் அமெரிக்கப் பிரசவ அறைகளில் 1960கள் வரை நீடித்தது. பெண்கள் கேட்டுப் பெற்றது மருத்துவமனையின் வழக்கமாகிவிட, அவர்களது சம்மதம் பின்னுக்குச் சென்றது.

இன்று பரவலாக உள்ள எபிட்யூரல், தண்டுவடத்தைச் சூழ்ந்த உறைக்கு வெளியே மருந்து செலுத்தி நரம்புகளை மரக்கச் செய்வதால், பெண் விழிப்புடன் இருக்கிறாள். இரத்த அழுத்தம் குறைதல், நடமாட்டம் தடைப்படுதல், மயக்கவியல் வல்லுநர் தேவைப்படுதல் ஆகியன இதன் குறைகள். எனினும் நடப்பதை அறிந்து வினவவும், எடுத்த முடிவை மாற்றவும் அவளால் இயல்கிறது. பிரசவத்தின் இடையிலும் இந்த வாய்ப்பைப் பறிக்காத முறையையே பெண்ணின் தேர்வு எனக் கொள்ளுதல் தகும். அரைத்துயிலைக் கேட்டது பெண்ணின் உரிமையாயினும், ஊசி ஏறியபின் அவ்வுரிமை அவளிடம் எஞ்சவில்லை.