செக்ரோல்

இலங்கையின் அட்டன், நுவரெலியா தேயிலை மலைகளில் விடிந்ததும், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் போடுவார்கள். யார் வந்தார், எந்த மலைக்குப் போனார், கொழுந்து பறித்தாரா, செடி கவ்வாத்து வெட்டினாரா, எத்தனை கிலோ என்பதெல்லாம் கடைசியில் செக்ரோல் என்னும் தோட்டத்து வருகை, கூலிப் பதிவேட்டில் ஏறும்: ஆளுக்கொரு வரி, நாளுக்கொரு கட்டம். இணையதளத்தில் யார், எந்தப் பக்கத்தை, எப்போது திருத்தினார் என்று தானாகக் குறித்து வைக்கும் பதிவேடும் இதே வேலையைத்தான் செய்கிறது. தோட்டத்தில் அதை எழுதுவது மனிதக் கை. அதனால்தான் தராசில் சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கொழுந்து பறிக்கும் பெண்கள் கண் வைத்திருப்பார்கள். முழு நாளுக்குப் பதில் அரைப்பேர் விழுந்தால் அங்கேயே கேட்பார்கள். பதியப்படுபவரே பதிவைச் சரிபார்க்கும் அந்த விழிப்பு எனக்கு மிகவும் பிடித்தது.

செக்ரோலின் பெருமை சம்பளத்தோடு முடியவில்லை. 1948இல் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழ் மக்களிடம், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் தொடர் வதிவுக்குச் சான்று கேட்டது. 1946 ஜனவரி 1க்கு முந்தைய வதிவு, மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10 ஆண்டு. காணி உறுதியில்லாமல் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த ஏட்டு வரிகளே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. கூலி கணக்கிடத் திறந்த ஏடு குடியுரிமை வழக்குகளில் ஆதாரமாகப் பேசப்பட்டது. எஞ்சியிருக்கும் பழைய செக்ரோல்களைக் கரையானுக்கு விடாமல் ஆவணக் காப்பகங்களில் சேர்க்க வேண்டும். பேரப்பிள்ளைகள் தேடி வருவார்கள்.