கைக்கடக்கமான குளிர்ச்சி: ஒரு பரீட்சை

வெயில் ஏறும் மாதத்தில் விளம்பரமும் ஏறும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வீற்றிருந்தும் கோடையில் அம்மலையின் குளிர்ச்சியில் பெரும்பங்கு பெறாத ராஜபாளையத்தில், சித்திரை பிறந்துவிட்டால், கைப்பேசியைத் திறப்பவர் ஒவ்வொருவர் முன்னும் உள்ளங்கையில் ஏந்தத்தக்க வெண்ணிறப் பெட்டியொன்று பனிப்புகையைக் கக்கிக்கொண்டு பிரசன்னமாகிறது. சில நிமிஷங்களில் அறை முழுவதையும் குளிர்விக்கும் என்றும், ஏசியின் மின்செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது என்றும், சுவரில் துளையிடவோ மெக்கானிக்கை அழைக்கவோ அவசியமில்லை என்றும் அது வாக்களிக்கிறது. பக்கத்திலேயே ஒரு குடும்பம் போர்வைக்குள் முடங்கியபடி புன்னகை புரிகிறது. அத்தகைய பெட்டியொன்றை விலை கொடுத்து வாங்கி, ராஜபாளையத்தில் காங்கிரீட் தளம் போட்ட ஒரு மாடியறையிலும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓடு வேய்ந்த பழைய வீடொன்றின் உள்ளறையிலும் வைத்துப் பரீட்சித்ததன் பலனையே இங்கே எழுதப் புகுகிறேன். பெட்டியைச் செய்தவர் பெயரைக் குறிப்பிடாததற்குக் காரணம் தாட்சண்யம் அன்று. ஒரே அச்சில் வார்த்த பெட்டிகள் பல பெயர்களைச் சூடிக்கொண்டு உலவுவதால், இதன் குணமும் குற்றமும் அவற்றிற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பொருளின் அமைப்பை முதலில் பார்ப்போம். ஒரு சாண் உயரமுள்ள பிளாஸ்டிக் கூடு; மேலே அரை லிட்டர் கொள்ளும் நீர்த்தொட்டி; உள்ளே நீரை உறிஞ்சி நிற்கும் மெல்லிய அட்டைகள்; பின்னால் ஒரு சிறு விசிறி; நீரைப் புகைபோல் தெறிக்கச் செய்யும் அதிர்வுத் தகடு; இரவில் நிறம் மாறும் விளக்கு. கைப்பேசி சார்ஜரிலேயே செருகக்கூடிய யூஎஸ்பி கம்பியின் வழியாக 5 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 10 வாட் மின்சாரத்தை இது உண்கிறது. விலை சாதாரண மேஜை விசிறியின் விலையே. வேலைப்பாட்டில் குறை சொல்வதற்கு அதிகமில்லை: விசிறியின் ஓசை மெல்லியது, தொட்டி கசியவில்லை, பொத்தான்கள் சொன்னபடி கேட்கின்றன. ஆனால் ஏசி என்று அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் இதனுள் கம்ப்ரஸர் இல்லை, குளிர்வாயு இல்லை, வெப்பத்தை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டும் மார்க்கம் எதுவும் இல்லை. நீர் உலர்வதால் உண்டாகும் குளிர்ச்சி ஒன்றே இதன் மூலதனம்.

அந்த மூலதனம் பொய்யானதன்று. நீர் ஆவியாவதற்கு எவ்வளவு உஷ்ணம் தேவை என்பதை ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர்களுக்குப் பௌதிக நூல் எதுவும் கற்பிக்க வேண்டியதில்லை. நூற்றுக்கு 87 பங்கு நீரேயான பாலை இறுக்கித் திரட்டுவதற்குள் அடுப்பு எத்தனை விறகைத் தின்கிறது என்பதை அவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். அங்கே நெருப்பு ஈகிற உஷ்ணத்தை, இங்கே தானாக உலரும் நீர் தன்னைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து பறித்துக்கொள்கிறது. ஒரு கிலோ நீர் உலர்வதற்கு ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஆனால் இந்தப் பேரத்துக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. காற்று உலர்ந்ததாக இருக்கவேண்டும்; ஈரம் ஏறிய காற்று வெளியேறுவதற்கு வழியும் இருக்கவேண்டும். விளம்பரம் இவ்விரண்டையும் பற்றி வாய் திறப்பதில்லை. மூடிய அறைக்குள் பெட்டி கம்பீரமாகக் கொலுவிருப்பதையே காட்டுகிறது.

ராஜபாளையத்து மாடியறையில், பிற்பகல் வெயில் தளத்தைச் சுட்டுக்கொண்டிருந்த வேளையில், வெப்பமானி 38 டிகிரியும் ஈரமானி 30 சதவீதமும் காட்டின. பெட்டிக்கு இதைவிட அநுகூலமான சூழ்நிலை அமைவது அரிது. அந்தக் காற்றை நீரால் எவ்வளவு பூரணமாக நனைத்தாலும் 24 டிகிரிக்குக் கீழே இறக்க முடியாது என்பது இயற்கை விதித்த எல்லை. பெட்டியின் வாயருகே பிடித்த வெப்பமானி 32 வரை இறங்கியது. முழ தூரத்தில் 36 ஆயிற்று. கட்டிலின் தலைமாட்டில் வைத்திருந்ததோ 38 என்ற இடத்தை விட்டு அசையவே இல்லை. மேஜையை ஒட்டி உட்கார்ந்து எழுதுகிறவருடைய முகத்துக்கும் முன்கைகளுக்கும் ஒரு மெல்லிய சுகம் கிட்டியது என்பதை மறுப்பதற்கில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிய அளவில் அந்தச் சுகமும் விடைபெற்றுக்கொண்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பரீட்சை வேறு விதம். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த ஐப்பசி மாலையில், உள்ளறையின் உஷ்ணம் 30 டிகிரி, ஈரம் 85 சதவீதம். அந்நிலையில் நீரால் அடையக்கூடிய குளிர்ச்சியின் எல்லையே 28 டிகிரி. விளம்பரப் படத்தில் கண்டவாறு கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டுப் பெட்டியை ஓடவிட்டதில், சற்று நேரத்துக்கெல்லாம் மேஜைமேல் ஈரம் படிந்தது, காகிதம் துவண்டது, கழுத்தில் வியர்வை உலராமல் நின்றது. காரணம் எளிய கணக்குத்தான். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரமுள்ள அறையின் காற்று, அந்த உஷ்ணத்தில், இன்னும் 130 கிராம் நீராவியைத்தான் ஏற்கும். பெட்டியின் தொட்டியிலோ அதைப்போல் ஏறக்குறைய நான்கு பங்கு நீர் இருக்கிறது. காற்று நிறைந்தபின் நீர் உலராது. நீர் உலராவிட்டால் குளிர்ச்சி இல்லை. உடம்பு தன் வியர்வையை உலர்த்தித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும் வழியையும் பெட்டி அடைத்துவிடுகிறது. குளிர்விக்க வந்த யந்திரம் புழுக்கத்தை விளைவிக்கும் இந்த விபரீதத்தை விளம்பரம் எவ்விடத்தும் எச்சரிக்கவில்லை.

நீரால் காற்றைப் பதப்படுத்துவது ராஜபாளையத்துக்குப் புதிய வித்தையும் அன்று. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தோற்றுவித்தது முதலாகப் பஞ்சாலைகள் பெருகி வளர்ந்த ஊர் இது. உலர்ந்த காற்றில் நூல் அறும், பஞ்சுத்தூசு பறக்கும் என்பதனால், ஆலைகளில் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் என்று வழங்கும் ஏற்பாடு ஒன்றை அமைத்திருப்பார்கள். ஆளுயர விசிறிகள் வெளிக்காற்றை இழுக்க, நீர்த்தாரைகள் பொழியும் அறையொன்றின் வழியே அது நனைந்து, பெருங்குழாய்களால் ஆலையெங்கும் பரவி, வெம்மையையும் தூசையும் சுமந்துகொண்டு வேறு வழியே வெளியேறும். முன்னாளில் வெட்டிவேர்த் தட்டியை வாசலில் தொங்கவிட்டு நீர் தெளித்தவர்களும், இந்நாளில் பெரிய ஏர் கூலரை ஜன்னலோரம் நிறுத்தி எதிர் ஜன்னலைத் திறந்துவைப்பவர்களும் அதே தத்துவத்தையே அநுசரிக்கிறார்கள். அந்த ஏர் கூலர்களுக்கு ஐஎஸ் 3315 என்ற இந்தியத் தர நிர்ணயமே உண்டு. வேண்டிய அளவு காற்று, வேண்டிய அளவு நீர், புகவும் போகவும் வழி ஆகிய மூன்றும் கூடினால்தான் இந்த வித்தை பலிக்கும். மேஜைப் பெட்டியில் முதல் இரண்டும் சொற்பம், மூன்றாவது சூனியம்.

எவ்வளவு சொற்பம் என்பதை அறிய ஒரு சமையல் தராசே போதும். ராஜபாளையத்து உலர்ந்த பிற்பகலில், நீர் நிரப்பிய பெட்டியை நிறுத்து, விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு மறுபடி நிறுத்தபோது, மணிக்கு ஏறத்தாழ 100 கிராம் நீர் குறைந்திருந்தது. தெறித்து மேஜையில் விழுந்த துளிகளையும் உலர்ந்த கணக்கிலேயே தாராளமாகச் சேர்த்துக்கொண்டாலும், இது காற்றிலிருந்து எடுக்கும் வெப்பம் 70 வாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் உடல் வெளிவிடும் வெப்பமே சுமார் 100 வாட். ஆகவே பெட்டியை வாங்கி எதிரே வைத்துக்கொண்டவர் அறைக்குள் சேர்க்கிற வெப்பத்தைக்கூட அது முழுமையாக ஈடுசெய்வதில்லை. பெட்டி உண்ணும் 10 வாட்டும் முடிவில் உஷ்ணமாகி அதே அறையில் தங்குகிறது. ஒரு டன் ஏசி நீக்கும் வெப்பம் 3,500 வாட். அதாவது இப்பெட்டிகள் ஐம்பதை வரிசையாக அடுக்கினால்தான் அந்த அளவை எட்டலாம், அப்போதும் ஈரம் போக வழி செய்தாக வேண்டும். தொட்டியில் பனிக்கட்டி போட்டால் அதிசயம் நிகழும் என்ற யோசனையும் பரிகாரமன்று. 200 கிராம் பனிக்கட்டி உருகுகையில் கொள்ளும் வெப்பம், பெட்டி கால் மணி நேரத்தில் செய்யும் வேலைக்கு ஏறத்தாழ ஈடு. அந்தக் கட்டியை உறையவைக்கக் குளிர்பெட்டி அதைவிட அதிக வெப்பத்தைச் சமையலறையில் கொட்டியிருக்கும்.

மின்செலவு மிச்சம் என்ற வாக்குறுதி சொல்லளவில் மெய். நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினாலும் மாதம் 3 யூனிட்தான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகப் பெறும் தமிழ்நாட்டு வீடுகளில் இது கணக்கிலேயே வராது. ஆனால் ஏசி உண்ணும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கை உண்டு, ஏசி செய்யும் வேலையில் ஐம்பதில் ஒரு பங்கைச் செய்கிற யந்திரத்தை, முன்னதை மட்டும் முழங்கிப் பின்னதை விழுங்கி விற்பதற்குச் சிக்கனம் என்று பெயரிடுவது நியாயமாகாது. சிக்கனமே நோக்கமானால், சுமார் 30 வாட்டில் சுழலும் பிஎல்டிசி மின்விசிறி, அறையிலுள்ள எல்லோருடைய வியர்வையையும் உலர்த்தி, இதைவிடப் பலமடங்கு சுகத்தை ஈகிறது.

குளிர் தேசங்களில் இதே சாமர்த்தியம் ரூம் ஹீட்டர் என்ற வேஷத்தில் வருகிறது. கொடைக்கானலிலும் உதகையிலும் வாழ்வோர் திரையில், சுவர்ப் பிளக்கிலேயே செருகும் 400 வாட் பெட்டி வீடு முழுவதையும் கதகதப்பாக்குவதாகச் சொல்லிக்கொண்டு தோன்றுகிறது. 400 வாட் என்பது நான்கு விருந்தாளிகள் வந்து உட்காருவதால் உண்டாகும் உஷ்ணம், அவ்வளவே. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரி வெப்பமாகும்; செராமிக் என்றாலும் இன்ஃப்ராரெட் என்றாலும், எந்தச் சுருளும் அதற்கு மேல் ஒரு கலோரி தராது. அமெரிக்காவில் 2008ஐ ஒட்டி ஹீட் சர்ஜ் என்ற நிறுவனம், ஆமிஷ் சமூகத்துத் தச்சர்கள் செய்த மரச்சட்டத்தை விலை கொடுத்து வாங்குவோருக்கு அதிசயக் கணப்பு இலவசம் என்று நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் செய்தது. மரச்சட்டத்துக்குள் இருந்ததோ சீனாவிலிருந்து இறக்குமதியான, எந்தக் கடையிலும் கிடைக்கத்தக்க 1,500 வாட் ஹீட்டர். வெப்பத்தைக் கூட்டும் பெட்டியானாலும் குறைக்கும் பெட்டியானாலும் சூழ்ச்சி ஒன்றே: தத்துவம் உண்மை, அளவு மட்டும் மறைபொருள்.

நம் நாட்டுச் சட்டம் இந்த மறைப்பையும் குற்றமாகவே கருதுகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான வருணனையையும் பொய்யான உத்தரவாதத்தையும் மட்டுமன்றி, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே இலக்கணம் வகுக்கிறது. அதன்கீழ் 2020 ஜூலையில் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையிலும், குற்றம் தொடர்ந்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். விளம்பரத்தில் முகம் காட்டிப் பரிந்துரைக்கும் பிரபலங்களும், அதன் உண்மையைத் தக்க கவனத்தோடு ஆராய்ந்திராவிட்டால், பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. வாங்கியவர் 1915 என்ற எண்ணில் முறையிடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மிகாதவரை கட்டணமும் இல்லை. ஆயினும் ஓர் ஓட்டை இருக்கிறது. உண்மையான ஏசி, குளிர்விக்கும் திறன் இத்தனை வாட் என்று நட்சத்திரச் சீட்டில் அச்சிட்டே தீரவேண்டும். ஏசி என்று தன்னை அழைத்துக்கொள்ளும் இப்பெட்டியோ அந்தக் கட்டாயத்துக்கு உட்படாமல் பெயரை மட்டும் அநுபவிக்கிறது. அறையைக் குளிர்விக்கும் என்று கூறி விற்கும் பொருள் எதுவானாலும் அந்த ஒரே எண்ணை அட்டையில் அச்சிடவேண்டும் என்ற விதி வந்தால், விளம்பரங்களில் பாதி தாமே வாய் மூடிவிடும்.

இனி என் தீர்ப்பு. உலர்ந்த கோடையில், ஜன்னலைத் திறந்துவைத்து, மேஜையில் ஒருவராக அமர்ந்து படிப்பவருக்கோ தைப்பவருக்கோ இது ஒரு சுமாரான துணை. மழைக்காலத்திலும் மூடிய அறையிலும் இதை ஓடவிடுவது தொந்தரவு. ஆஸ்துமா உள்ளவர் அருகிலும் குழந்தையின் தொட்டிலருகிலும் வைக்கலாகாது. தொட்டி நீரை நாள்தோறும் கொட்டிக் கழுவாவிட்டால் அட்டையில் பூஞ்சை படரும், மூடி சரியாக இல்லாத தொட்டியில் டெங்குக் கொசுவும் முட்டையிடும். வாங்கியே தீரவேண்டும் என்பவர், எத்தனை வாட் வெப்பத்தை நீக்கும் என்று விற்பவரை எழுத்தில் கேட்டு, விடை வந்தபின் பணம் கட்டுவது உத்தமம். நீர் தெளிக்கும் மேஜை விசிறி என்ற அளவில் இதற்கு நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் தருவேன். அறையைக் குளிர்விக்கும் யந்திரம் என்ற அளவில் பூஜ்யம்.