‘பசங்க 2’: கெட்டிக்காரனுக்கு மட்டுமா மன்னிப்பு?

அவதானக் குறைபாடும் மிகைச் செயற்பாடும் உள்ள இரு பிள்ளைகளைக் கதையின் நடுவே நிறுத்தியது, 2015 டிசம்பரில் வெளிவந்த பாண்டிராஜின் ‘பசங்க 2’. பாடசாலை மாற்றி மாற்றி அலையும் பெற்றோரின் சோர்வை அவர் நன்றாகவே காட்டியிருக்கிறார். எனது மனத்தாங்கல் வேறு. சூர்யா நடித்த சிறுவர் மனநல வைத்தியர் வந்து, பிள்ளையின் திறமை வெளிப்பட்டதும் குழப்படி மன்னிக்கப்பட்டுவிடுகிறது.

இங்கே கொழும்புத்துறையில், வாங்கில் ஒரு நிமிடம் இருக்க மாட்டாத பெடியனுக்கு ஆட்டமும் வராது, பாட்டும் வராது. அவனை என்ன செய்வது? பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பறிக்கக்கூடாதென்று அவனுக்குத் தெரியும். ஆனால் கை முந்திவிடுகிறது. அடியாத மாடு படியாதென்று தகப்பன் பூவரசந்தடி முறிக்கிறார். நாளைக்கும் கை முந்தத்தான் போகிறது. கை நீளும் அந்தக் கணத்தில் தடியின் நினைவு அவனுக்கு வருவதில்லை. அவனுக்கு வேண்டியது, ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்வதும், செய்த உடனேயே பாராட்டுவதும், அதையே நாளைக்கும் அலுக்காமல் செய்வதும். கமராவுக்கு இதில் சுவாரசியமில்லைத்தான்!

ஆயினும் பெற்றோருக்கு இந்தப் படத்தையே சிபாரிசு செய்கிறேன், குறிப்பாகத் தகப்பன்மாருக்கு.