ஆச்சி நாவில் ஊர்த் தமிழ்

மனோரமாவைப் 'பெண் சிவாஜி' என்று சொல்லிச் சொல்லியே நாம் பழகிவிட்டோம். புகழ்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டம் அவருக்கே உரிய திறனை மறைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். நடிகர் திலகத்தின் புகழுக்கு அடித்தளம் இட்டது செப்பமான வசனத் தமிழ். ஆச்சியின் புகழோ அடுப்படியிலும் தெருவிலும் புழங்குகிற தமிழில் வேர்விட்டது.

1937-இல் மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா வளர்ந்தது காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில். 'ஆச்சி' என்ற அழைப்பே அந்தச் செட்டிநாட்டு மண் தந்த மரியாதை. வறுமை அவரைச் சின்ன வயதிலேயே நாடக மேடைக்குத் தள்ளியது. ஊர் ஊராகப் போகிற நாடகக்காரருக்குக் காதுதானே பள்ளிக்கூடம்! கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958) அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. 1985-க்குள் ஆயிரம் படங்களைத் தாண்டிக் கின்னஸ் புத்தகத்திலும் இடம்பிடித்தார்.

எண்ணிக்கையை விடுங்கள், பேச்சைக் கேளுங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்து ஜில் ஜில் ரமாமணி, மேடையில் ஆடிப் பாடிப் பிழைப்பவள். அவள் பேச்சில் பகட்டு உண்டு. பெரிய வித்வான் முன்னால் நிற்கிற பயபக்தியும் உண்டு. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்து விழும். அதே ஆண்டு 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைத் தமிழில் தாமே பாடினார். 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தில் வேலைக்காரி கண்ணம்மா. படித்தவர்களால் ஆகாத காரியத்தை அவள் வாய்ப்பேச்சு சாதிக்கிறது. 'சின்ன கவுண்டர்' (1992) படத்திலோ கொங்கு நாட்டு ஆத்தா. எந்த ஊர்ப் பேச்சையும் அவர் கேலிப் பொருளாக்கவில்லை. சிரிப்பு அந்தப் பெண்ணின் சாமர்த்தியத்திலிருந்து வந்தது.

ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும். குறை அவர் மீதல்ல, அவரைப் பயன்படுத்திய சினிமா மீது. பிற்காலத்தில் அழுகிற தாய் வேடங்களே அவருக்கு அதிகம் வந்தன. 'சின்ன தம்பி' (1991) நல்ல உதாரணம். கண்ணீரையும் அவர் குறைவின்றிச் செய்தார். ஆனால் அழுகைக்கு ஊர் இல்லை, எல்லா ஊர் அழுகையும் ஒன்றுதான். 'புதிய பாதை' (1989) படத்துக்குத் தேசிய விருதும், 2002-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. நகைச்சுவையில் கோவை சரளா போல் ஒருசிலர் தொடர்ந்தாலும், இத்தனை ஊர்ப் பேச்சை ஒரே நாவில் ஏந்திய இன்னொருவர் வரவில்லை. 2015 அக்டோபர் 10 அன்று ஆச்சி மறைந்தார்.

இது நம்மைத் தொடுகிற விஷயம். லாங் ஐலண்ட் போன்ற தீவில் கடைத்தெருவுக்கு இந்தி, வீட்டுக்குத் தமிழ் என்று ஆகிவிட்டது. வீட்டுத் தமிழிலும் அப்பா ஊர் ஒன்று, அம்மா ஊர் ஒன்று. பிள்ளைகள் பாட்டியின் பேச்சைக் கேட்டுச் சிரித்தால், "அது தப்பான தமிழ்" என்று நாமே சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லாமல், ரமாமணியையும் கண்ணம்மாவையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். இது எந்த ஊர்ப் பேச்சு, நம்ம பாட்டி இதை எப்படிச் சொல்லுவாங்க என்று கேளுங்கள். கொச்சை என்று நாம் ஒதுக்குகிற பேச்சுக்குள் எவ்வளவு நயம் இருக்கிறது என்பதை ஆச்சியைவிட நன்றாகச் சொல்லித்தர ஆளில்லை.