மயிற்பொறியும் ஹெலிகாப்டரும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தெற்கு எல்லையில், இருப்புப்பாதைகள் இரண்டாகப் பிரியும் ஊர் கெமாஸ். இத்தகைய வட்டாரத் தோட்டங்களைக் களமாகக் கொண்டு அவசரகாலத்தை (1948–1960) எழுதப்புகும் நம் எழுத்தாளர் பலர், ஹெலிகாப்டரை ‘இரும்புப் பறவை’ என்று கூறி அமைந்துவிடுகின்றனர். அழகிய உவமைதான், ஆயினும் அது எதனைச் சுமந்தது, ஏன் வந்தது என்பதை அவ்வுவமை மறைத்துவிடுகிறது.

திருத்தக்கதேவர் அவ்வாறு செய்யவில்லை. சீவக சிந்தாமணியில் மயிற்பொறி வலப்புறம் திருகினால் எழும். இடப்புறம் திருகினால் இறங்கும். பொறியின் இயக்கத்தைக் கூறிய புலவர், அதிலே கருவுற்ற விசயையை ஏற்றிச் சுடுகாட்டில் இறக்குகிறார். பொறியும் துயரும் அங்கே ஒன்றாகின்றன.

அவசரகால வரலாறும் இவ்விணைப்பை வேண்டி நிற்கிறது. 1950இல் பிரிட்டிஷ் விமானப்படை, காயமுற்ற வீரர்களைக் காட்டிலிருந்து மீட்க டிராகன்பிளை ஹெலிகாப்டர்களைக் கொணர்ந்தது. 1953இல் கடற்படையின் 848ஆம் அணி, எஸ்-55 வகையில் பத்து ஹெலிகாப்டர்களுடன் வந்தபின் படைகளையே காட்டுக்குள் இறக்குவது இயன்றது. நாட்கணக்கான நடை நிமிடங்களாகச் சுருங்கியது. வெப்பக் காற்றில் தூக்குதிறன் குறைவதால், அவற்றால் முழுச்சுமை ஏற்ற இயலவில்லை. இறங்குவதற்கு மரம் வெட்டிய வெளியும் தேவைப்பட்டது.

இனித் தரையை நோக்குவோம். 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தால் தோட்டத் தொழிலாளரின் குடியிருப்புகள் முள்வேலிக்குள் ஒருங்குசேர்க்கப்பட்டன. காட்டிலிருப்போருக்கு அரிசி சேரக்கூடாதென்று, பால்வெட்டச் செல்வோர் சோதிக்கப்பட்டனர். அரிசி கிடைக்காத போராளிகள் காட்டுவெளிகளில் பயிரிட்டனர். அப்பயிர்களை அழிக்க மருந்து தெளித்தவற்றுள் ஹெலிகாப்டரும் ஒன்று. ஆகவே, தொழிலாளியின் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்த கையும், மேலே சுழன்ற விசிறியும் ஒரே கொள்கையின் இரு முனைகள்.

அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ போன்ற புதினங்கள் அக்காலப் பதற்றத்திற்குத் தமிழில் இடந்தேடித் தந்தன. அடுத்து வருவோர் இவ்விரு முனைகளையும் ஒரே கதையில் பொருத்துதல் வேண்டும். காயமுற்ற வீரனுக்கு வானூர்தி வந்தது. வேலிக்குள் இருந்த தாயின் பசிக்கு எது வந்தது என்று வினவுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பாத கதையில், ஹெலிகாப்டர் எத்துணை அழகாகப் பறப்பினும் வெறும் ஓசையே.

மாணவர்க்குச் சிந்தாமணி கற்பிக்கும் ஆசிரியர், மயிற்பொறியைக் கற்பனை என்று கடந்துவிடாமல், இவ்வினாவோடு சேர்த்துக் கற்பிப்பாராயின் பழந்தமிழும் தோட்ட வரலாறும் ஒருங்கே விளங்கும்.